ஆறேகால் மணிக் கோட்டு

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பாட்டிலக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மருந்து பாட்டில் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் பார்த்தவள் அவள். பாட்டில் பார்ப்பது என்றால் சும்மா வேடிக்கை பார்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளை விளக்குக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்தில் கீறல், அடியில் குமிழி, வாய் கோணல் என்று எது கண்ணில் பட்டாலும் சட்டென்று எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். கொட்டாவி விட்டால் நாலு பாட்டில் போய்விடும். அதனால் அவள் கொட்டாவி விடுவதையே மறந்துபோனாள். "இவ கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போன பாட்டில் இன்னும் பொறக்கல" என்று சூப்பர்வைசரே சொன்னார். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது அத்தனை சுலபமில்லை.

அவள் புருஷன் லிஃப்ட்காரர். பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குள் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "எந்த மாடிங்க?" என்று கேட்டே ஆயுசில் பாதியைக் கழித்தவர். வெளியாட்களிடம் அப்படி ஒரு மரியாதை. கதவைப் பிடித்துக்கொள்வார், "பாத்து இறங்குங்க" என்பார், முதலாளிக்கும் குப்பை அள்ளுகிறவளுக்கும் ஒரே பணிவுதான். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியிடம் மட்டும் "ஏய்", "வாடி", "எங்கடி போனே" தவிர வேறு பேச்சு கிடையாது. "ஊருக்கெல்லாம் வாங்க போங்க, எனக்கு மட்டும் வாடி போடியா?" என்று அவள் பொய்க்கோபம் காட்டுவாள். "நீ என்ன பத்தாவது மாடிக்கா போற, உனக்கு மரியாதை குடுக்க?" என்பார் அவர். இப்படியே நாற்பது வருஷம் ஓடிப்போனது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. சாவியை மறந்தார், கிழமையை மறந்தார், அதெல்லாம் யாருக்குத்தான் இல்லை என்று இருந்தார்கள். பாட்டிலில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு, கட்டின புருஷனிடம் அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதைச் சொல்லிச் சொல்லி அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். டாக்டர் நீளமாக ஒரு பெயரைச் சொல்லி, ஞாபகம் இனிமேல் ஏறாது, இறங்கத்தான் செய்யும் என்றார். ஒரு நாள் காலை அவள் காபியை நீட்டியபோது அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. நீங்க இங்க புதுசா சேந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் சமையலம்மா. சில நாள் நர்சம்மா. வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா என்று ஒரே மரியாதை. ஒரு காலத்தில் கேட்டு வாங்க நினைத்த மரியாதை இப்போது கேட்காமலே கிடைத்தது. அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எத்தனை நாள்தான் அழ முடியும்? சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், அவரைக் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டும்போது அவர் கூச்சப்படுவார். "என் வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கா, அவ வந்து பாத்துக்குவா, நீங்க விடுங்க" என்பார்.

இப்படி மூன்று மாதம் போனபின், மழை பெய்த ஒரு சாயங்காலம் அந்த அதிசயம் நடந்தது. பால் தீர்ந்துவிட்டது. ஸ்வெட்டர் கொடியில் ஈரமாகக் கிடந்தது. அலமாரியைக் குடைந்ததில் கையில் கிடைத்தது பழைய தொழிற்சாலைக் கோட்டு. நீலமும் சாம்பலும் கலந்த கனத்த பருத்திக் கோட்டு, முட்டிவரை வரும். இடது பையின் மேல் சிவப்பு நூலில் ஒரு பாட்டில் படம், அதன் கீழே அவளுடைய எண். வேலையை விட்டு நாலு வருஷமாகியும் அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மாட்டிக்கொண்டு போய்ப் பால் வாங்கி முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வந்துட்டியா? என்னடி இவ்ளோ லேட்டு? உன் சூப்பர்வைசருக்கு வேற வேலையே இல்லையா?"

பால் பாக்கெட் கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. "பாத்துப் புடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று அவர் ஒரு அதட்டல் போட்டார். அந்த அதட்டலைக் கேட்டு அவள் தரையில் உட்கார்ந்து, பாலைத் துடைக்காமல், ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அப்புறம் தினமும் அதுதான். அவர்கள் வீடு தரைத்தளம். பின்வாசல் துணி துவைக்கிற இடத்துக்குத் திறக்கும். ஆறு மணி ஆனதும் அவள் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவுவாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று மாட்டிக்கொள்வாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, சரியாக ஆறேகாலுக்கு, ஷிப்ட் முடிந்து வருகிறவள் மாதிரி முன்வாசலில் நுழைவாள். "வந்துட்டியா?" என்பார் அவர். சாப்பிடுவார். சூப்பர்வைசரைக் கிண்டல் செய்வார். மாத்திரையை மூஞ்சியைச் சுளிக்காமல் விழுங்குவார். எட்டு மணிக்குக் கண் சொக்கும்வரை அவள் அவருடைய பெண்டாட்டி. ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவர், "நீங்க யாருங்க?" என்று நகர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வேர்த்துக் கொட்டினாலும் கழற்றுவதில்லை. ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம் இருந்தாலும் அவள் வாழ்ந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. வெட்கம். அறுபத்து நாலு வயசில் தினமும் புருஷனுக்காக உடுத்திக்கொண்டு வருகிறேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மகள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவள். "அப்பாவை ஏமாத்தாதேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளால் தாங்க முடியாது.

கோட்டை வைப்பதில்தான் சிக்கல் வந்தது. முதலில் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினாள். ஒரு நாள் மத்தியானம் அவள் துணி உலர்த்தப் போயிருந்த நேரம் அவர் அதைப் பார்த்துவிட்டார். 'ஐயோ, கோட்டை விட்டுட்டுப் போயிட்டாளே, குளிர்ல நடுங்குவாளே' என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் தேடி அலைந்தார்கள். கடைசியில் நாலு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் லிஃப்டுக்குள், கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடம் "எந்த மாடிங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அலமாரியில் வைத்தாலும் துழாவி எடுத்தார். மெத்தைக்கு அடியில் வைத்தாலும் எடுத்தார். பார்த்தாள் பாட்டிலக்கா. வீட்டில் அவர் கையே வைக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த கழித்துப்போட்ட துணி மூட்டை.

அந்த மூட்டையும் மகள் செய்த வேலைதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டினாள். "ஒரு வருஷமா தொடாத துணிய இனிமே தொடவே மாட்டோம்மா. கணக்கு அவ்ளோதான்" என்று போனில் எங்கேயோ பார்த்த பாடத்தை ஒப்பித்தாள். அப்பாவின் இடுப்பில் நிற்காத பேன்ட்டுகள், சாயம் போன நைட்டிகள், ஒற்றைக் காலுறைகள், இரண்டு கிழிந்த பெட்ஷீட் எல்லாம் ஒரு வெள்ளைச் சாக்குக்குள் போயின. "தெரு முனைல துணி போடுற பெட்டி இருக்கு. மறக்காம கொண்டு போய்ப் போட்டுடும்மா." "போடறேன், போடறேன்" என்றாள் அம்மா. நாளைக்கு நாளைக்கு என்று ஆறு மாதம் போனது. வருகிறபோதெல்லாம் மகள் கேட்பாள், இவள் அசடு வழியச் சிரிப்பாள்.

அந்தச் சாக்குக்குள், மேலாகப் பெட்ஷீட்டை விலக்கிவிட்டு, தினமும் எட்டு மணிக்குக் கோட்டு போகும். மறுநாள் ஆறு மணிக்கு வெளியே வரும். எத்தனை கெட்டிக்காரத்தனம் என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டாள். வேண்டாத துணிக்குள் வேண்டியதை வைத்தால் யார் தேடப் போகிறார்கள்!

யாரும் தேடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மகள் வந்திருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதே என்று பாட்டிலக்கா மருந்துக் கடைக்குப் போய் வரிசையில் நின்றாள். அவள் திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. கட்டிலுக்கு அடியில்கூடப் பெருக்கித் துடைத்திருந்தாள் மகள். தங்கமான பெண், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "அம்மா, ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். அம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். வெறும் தரை தட்டுப்பட்டது.

குனிந்து பார்த்தாள். இன்னொரு பக்கம் போய்ப் படுத்துப் பார்த்தாள். கூடத்தில் கடிகாரம் ஆறேகாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "அஞ்சு நிமிஷம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தெரு முனைக்கு ஓடினாள். அறுபத்து நாலு வயசில் ஓட்டம் என்றால் எப்படி இருக்கும், ஓடினாள். அந்தத் துணிப் பெட்டி பச்சை வர்ணம் அடித்த இரும்புப் பெட்டி, ஆள் உயரம். வாயில் ஒரு மடல். போடத்தான் வழி உண்டு, எடுக்க வழி கிடையாது. தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. கை மாட்டிக்கொண்டது. எதிர்க்கடைக் காவலாளி வந்து மடலைத் தூக்கிப் பிடித்துக் கையை விடுவித்தான்.

"என்னம்மா இது, போட வேண்டியதைப் போடாம எடுக்கப் பாக்குறீங்க?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. "வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சும்மா. அஞ்சு மணிக்கே போயிடுச்சு. பெட்டி மேல நம்பர் இருக்கு பாருங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை. "வேண்டாங்க, அவ வரட்டும்" என்றார். எட்டு மணி ஆனது. "இன்னும் வரலையேங்க, பஸ் கிடைக்கலையோ? நான் வேணா போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார். கேட்டது யாரிடம்? அவளிடம்தான். "நான்தாங்க, நான்தான் வந்துட்டேன், என்னைப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் மிரண்டுபோய்க் கையை உதறினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரி வந்தா சத்தம் போடுவா." கடைசியில் வாசற்கதவைப் பார்த்த மாதிரியே நாற்காலியில் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை மகளுக்குப் போன் போட்டாள்.

"அந்தச் சாக்கு எங்கடி?"

"ஆறு மாசமா சொல்றேன், நீ போடற மாதிரி தெரியல. நானே போட்டுட்டேன். ஏம்மா?"

"அதுல என் கோட்டு இருந்துச்சு."

"எது, அந்தப் பழைய ஃபேக்டரி கோட்டா? அத யாரும்மா கட்டிக்கிட்டு..."

அதற்கு மேல் அவளால் வெட்கப்பட முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மழை பெய்த நாள், பின்வாசல், துவைக்கிற கல், ஆறேகால் மணி, எதையும் விடவில்லை. போனில் மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்படிடி சொல்றது?"

"அம்மா... அம்மா, நான் தெரிஞ்சு செய்யலம்மா."

"தெரியும்டி. நீ அழாத. பெட்டி மேல இருந்த நம்பரைச் சொல்றேன், போன் பண்ணு மொதல்ல."

மகள் போன் செய்தாள். திங்கட்கிழமை கிடங்கு விடுமுறையாம், நாளைக்கு நேரில் வந்து பாருங்கள் என்றார்களாம். திங்கள் சாயங்காலமும் ஞாயிறு மாதிரியேதான் போனது, கொஞ்சம் மோசமாக. ஏழு மணிக்கு அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். மழைத் தூறல் முகத்தில் அடித்தும் உள்ளே வர மறுத்தார். பக்கத்து வீட்டுக்காரன் வந்து பிடித்துதான் உள்ளே கொண்டுவர முடிந்தது. இரண்டு நாளில் அவர் கன்னம் ஒட்டிப்போன மாதிரி அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பாவுக்குத் துணையாக இருந்தாள். பாட்டிலக்கா இரண்டு பஸ் மாறிக் கிடங்குக்குப் போனாள்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ஊர்ப்பட்ட அலமாரிகளை ஒரே நேரத்தில் திறந்த மாதிரி வாடை வீசியது. துணி மலை மலையாகக் கிடந்தது. நீள மேஜைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது ஒரு கூண்டுக்கு, சுமாரானது ஒரு கூண்டுக்கு, ஒன்றுக்கும் உதவாதது கத்திரிக்கிற மேஜைக்கு. அவர்கள் கை வேகத்தைப் பார்த்ததுமே இவளுக்குப் புரிந்தது. தான் செய்த வேலைதான் இது, பாட்டிலுக்குப் பதிலாகத் துணி.

கத்திரிக்கிற மேஜையில் நின்றிருந்தவள் திரும்பினாள். அவள் மேல் நீலச் சாம்பல் கோட்டு. இடது பையில் சிவப்பு நூல் பாட்டில்.

"ஏம்மா, அது என் கோட்டு! கழட்டும்மா, அது என்னோடது!" என்று கூவிக்கொண்டே போய்க் கையைப் பிடித்துவிட்டாள்.

"அட, விடும்மா கைய! கத்திரி இருக்கு, குத்திடப் போகுது." கத்திரிக்காரி பின்னால் நகர்ந்தாள். "இத ஒரு வருஷமா நான் போட்டிருக்கேன். உன்னோடதாமே! ஆளைப் பாரு!"

கிட்டத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எண் வேறு. கை கொஞ்சம் நீளம். காலர் மடிப்பு வேறு. பாட்டிலக்கா கையை எடுத்துவிட்டு, மூச்சு வாங்க, மன்னிப்புக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்த சாக்கு, வெள்ளைச் சாக்கு, மேலே பூப்போட்ட பெட்ஷீட் என்று அடையாளம் சொன்னாள். கத்திரிக்காரியின் முகத்தில் இருந்த கோபம் இறங்கியது. கையிலிருந்த கத்திரியை மேஜையில் வைத்தாள்.

"பாட்டில் போட்ட கோட்டா? காலைல ஒண்ணு வந்துச்சும்மா." கொஞ்சம் தயங்கினாள். "கம்பெனி பேர், கம்பெனி படம் போட்ட துணிய நாங்க வெளிய விக்கக்கூடாது. வேற யாராவது போட்டுக்கிட்டு உள்ள நுழைஞ்சிடுவாங்கன்னு கம்பெனிக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அதனால வந்த உடனே கத்திரிதான். நல்லா இருக்கா, கிழிஞ்சிருக்கான்னுகூடப் பாக்க மாட்டோம். மெஷின் தொடைக்கப் போயிடும்."

"அதுல ஒண்ணும் கிழிசலே கிடையாதும்மா."

"தெரியுதும்மா. என்ன பண்றது."

மேஜைக்கு அடியில் ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள். கைக்குட்டை அகலத்துக்கு வெட்டிய துண்டுகள். நீலம், சாம்பல், வெள்ளை, பூப்போட்டது எல்லாம் கலந்து கிடந்தன. பாட்டிலக்கா தரையில் உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துத் தன்னுடையதை மட்டும் பிரித்து மடியில் போட்டாள். பதினோரு துண்டு கிடைத்தது. பாட்டில் படம் இருந்த துண்டில் பாட்டிலின் கழுத்துக்கு மேல் வெட்டு விழுந்திருந்தது. அதற்கு மேல் அவளால் தேட முடியவில்லை.

"பாவி, நானே வெட்டிட்டேனே" என்றாள் கத்திரிக்காரி. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "யாரு போட்டதும்மா? தவறிப்போனவங்களா?"

"நான் போட்டதுதான்."

"நீங்க போட்டதுக்கா இப்படி அழறீங்க?"

பாட்டிலக்கா சொன்னாள். மகளிடம் ஆறு மாதம் மூடி வைத்ததை, முன்பின் தெரியாதவளிடம் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் கத்திரிக்காரி எழுந்து தன் கோட்டின் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

"போன வருஷம் அந்தக் கம்பெனில கோட்டுக்குப் பதிலா பனியன் குடுத்துட்டாங்களாம். மூட்டை மூட்டையா வந்துச்சு. எல்லாத்தையும் வெட்டிட்டு இது ஒண்ண மட்டும் எனக்குன்னு திருட்டுத்தனமா வெச்சுக்கிட்டேன். நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

"உனக்கு வேணாமா?"

"எனக்கு என்ன, எதையாவது போட்டுக்குவேன். போங்கம்மா, ஆறேகாலுக்குள்ள போய்ச் சேருங்க. எண்ணெல்லாம் யாரு பாக்கப் போறா? கலர் ஒண்ணுதானே, படம் ஒண்ணுதானே. ஆம்பளைங்க கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். நூல் பிசிறு, பஞ்சுத் தூசி, வேறு ஒருத்தியின் வியர்வை வாடை. கலர் ஒன்றுதான், படம் ஒன்றுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும்தான் என்ன பெரிய பாட்டில் பார்க்கிறவரா, கீறல் கண்டுபிடிக்க! வேண்டிக்கொள்ளத் தெரிந்த எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் தெரிந்துகொள்ளட்டும், நாளைக்கு நான் எதுவும் கேட்கவில்லை என்றாள். நாளைக்கும் கேட்பாள், அது வேறு விஷயம்.

வீட்டுக்குள் போகவே இல்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று கோட்டை மாட்டினாள். கை நீளமாக இருந்தது, உள்பக்கமாக மடித்துவிட்டாள். மகள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக் கையை அசைத்தாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். ஆறேகால்.

அவர் நாற்காலியில் இருந்தார். கோட்டைப் பார்த்தார். முகம் விரிந்தது. சட்டென்று எழுந்து நின்றார். பாட்டிலக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"வாங்க, வாங்க" என்றார் அவர். "அவகூட வேலை பாக்குறவங்கதானே? கோட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். உக்காருங்க."

விருந்தாளிக்குப் போடுகிற நாற்காலியை இழுத்துத் தூசி தட்டினார். அவள் அதில் உட்கார்ந்தாள்.

"அவ கிளம்பிட்டாளாங்க? மூணு நாளா வீட்டுக்கே வரல. அவளுக்கு ஒண்ணும் ஆயிடலையே?"

பொய் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவர் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்காங்க" என்றாள். "வேலை ஜாஸ்தி. சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

"அப்பாடா!" நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். "இப்பத்தான் உயிர் வந்துச்சுங்க. தப்பா நினைக்கலன்னா ஒண்ணு சொல்லவா? நாளெல்லாம் ஏறுறதும் இறங்குறதுமா இருக்குற வேலைங்க எனக்கு. சாயங்காலம் அவ உள்ள நுழைவா பாருங்க, அப்பத்தான் தரைல கால் வெச்ச மாதிரி இருக்கும். அவகிட்ட இதெல்லாம் சொன்னதில்ல. சொன்னா தலைல ஏறி உக்காந்துக்குவா." சிரித்தார். "நீங்களும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேங்க."

"சாப்பிட்டாளா, கேளுங்க. நான் சாப்பிட்டேன்னு சொல்லுங்க. இல்லன்னா கவலைப்படுவா."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. நீளமாக இருந்த கோட்டுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் பதறிப்போனார். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, தொடாமல், பக்கத்தில் வைத்தார். பிறகு மெதுவாக, "இருட்டப் போகுதுங்க. உங்க வீட்டுல தேடுவாங்களே" என்றார்.

அவள் எழுந்தாள். அவர் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "பாத்து இறங்குங்க" என்றார். அவள் படி இறங்கித் தெருவில் நின்றாள். பின்னால் கதவு, சத்தம் வராமல், மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்தபோது மகள் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவைக் கட்டிக்கொள்ள வந்தாள். வேண்டாம், சத்தம் கேட்கும் என்று பாட்டிலக்கா கையைக் காட்டினாள். கோட்டைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"சமையலம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"இப்ப ஒருத்தங்க வந்துட்டுப் போனாங்க. நல்ல மனுஷி. ஏன்னே தெரியல, உக்காந்து அழுதாங்க. வீட்டுல என்ன கஷ்டமோ, யாரு என்ன சொன்னாங்களோ. அவ வந்ததும் சொல்லணும். அவ போய்ப் பேசுனா அவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

பாட்டிலக்கா தட்டை எடுத்துத் துடைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "இப்ப நீங்க சாப்பிட வாங்க."